காது கேட்டதா... கண் கேட்டதா?

கீழே நான்கு பொருட்களின் பட்டியல் இருக்கிறது. இவற்றில் எது பாட்டின் இனிமையைக் கூட்டும்? சொல்லுங்கள் பார்க்கலாம்.

1. சி.டி.யின் விளிம்பில் பூசுவதற்கு ஒரு பச்சை மைப் பேனா.

2. சி.டி.யில் ஏறிவிட்ட காந்தத்தன்மையை நீக்கும் கருவி.

3. பாட்டுக் கருவிக்கு அருகில் பிளக்கில் செருகி வைக்க ஒரு கடிகாரம். விலை 350 டாலர்.

4. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் திருகுக்கு, மரத்தில் கடைந்த ஒரு குமிழ். விலை 485 டாலர்.

'கடிகாரத்துக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?' என்றுதானே கேட்கிறீர்கள்? நல்ல கேள்வி! ஆனால், இவை கற்பனைப் பொருட்கள் அல்ல. நான்குமே அமெரிக்காவில் உண்மையாகவே விற்பனைக்கு வந்தவை. அவற்றை வாங்கிய பிறகு, 'பாட்டு முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது' என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு.

உயர்ந்த ரகக் கருவிகளில் பாட்டு கேட்பதையே பெரிய பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகம் எங்கும் இருக்கிறார்கள். அவர்களை ஆங்கிலத்தில் 'ஆடியோபைல்' என்பார்கள். நாம் 'ஒலிப் பிரியர்கள்' என்று வைத்துக் கொள்வோம். இசை மீது ஆசை வைப்பதில் ஒரு தவறும் இல்லை. அந்த ஆசையை நம்பி, விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லிச் சிலர் எதை எதையோ விற்கிறார்களே, அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

சி.டி. எப்படிப் பாடுகிறது?

முதலில் சி.டி.யைப் பற்றித் தெரிந்து கொள்வோம். செல்பேசியில் பாட்டு கேட்கும் உங்களில் சிலர் இதைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியதாக, வானவில் போல மின்னும் வட்டத் தட்டு இது. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும், ஜப்பானின் சோனி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின. 1982-ல் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்தது.

சி.டி.யில் பாட்டு எண்களாகப் பதிவு செய்யப்படுகிறது. ஒலி அலையின் உயரத்தை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி விடுகிறார்கள். அந்த எண்கள் எல்லாம் 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் ஆனவை. இவை கண்ணுக்குத் தெரியாத சிறு பள்ளங்களாகத் தட்டில் பதிந்திருக்கும். அந்தப் பள்ளங்களின் வரிசையை நீட்டினால் 5 கிலோ மீட்டருக்கு மேல் வரும்! ஒரு லேசர் ஒளிக்கற்றை இந்த வரிசையைத் தடவிக் கொண்டே போய், எண்களைப் படிக்கும்.

'தட்டில் கீறல் விழுந்தால் எண் தப்பாகி விடாதா?' என்று கேட்கலாம். அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். உங்கள் நோட்டில் 7, 5, 8 என்று எழுதி, பக்கத்தில் கூட்டுத்தொகை 20 என்று எழுதுங்கள். இப்போது 8-ன் மேல் மை கொட்டிவிட்டது. கவலை உண்டா? 20-லிருந்து 12-ஐக் கழித்தால் 8 கிடைத்துவிடும்! சி.டி.யிலும் ஏறக்குறைய இப்படித்தான். பாட்டின் எண்களோடு, சரிபார்க்கும் எண்களும் சேர்ந்தே பதிந்திருக்கின்றன. இதனால் சுமார் இரண்டரை மில்லி மீட்டர் நீளத்துக்கு எண்கள் அழிந்து போனாலும், கருவி அவற்றைக் கணக்குப் போட்டு மீட்டுவிடும்.

பச்சை மையும் பானைக் காந்தமும்

இப்போது பச்சை மைக்கு வருவோம். 1990-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க ஒலிப் பிரியர்களிடையே இந்தப் பேனா பரபரப்பாகப் பேசப்பட்டது. 'லேசர் ஒளி தட்டுக்குள் சிதறி, விளிம்பில் பட்டுத் திரும்பி வருகிறது. அது பாட்டைக் கெடுக்கிறது. பச்சை மை பூசினால் அந்த ஒளியை மை விழுங்கிவிடும்' என்பது விளக்கம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சோதித்துப் பார்க்க முடியுமா? முடியும்! மை பூசும் முன் சி.டி.யில் உள்ள எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பூசிய பிறகு மறுபடி ஏற்ற வேண்டும். இரண்டையும் ஒப்பிட வேண்டும். எண்கள் ஒன்றாக இருந்தால், அந்த மை எதைத் திருத்தியது? நல்ல நிலையில் உள்ள சி.டி.யைக் கருவி முதல் முறையே சரியாகப் படித்துவிடும். 8 என்பதை 8 என்று படித்த பிறகு, அதைவிட நல்ல 8 என்று ஒன்று கிடையாதே!

அடுத்து, காந்தம் நீக்கும் கருவி. சி.டி. எதனால் ஆனது? பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக், அதன்மேல் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. உங்கள் வீட்டு அலுமினியப் பாத்திரத்தில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டுகிறதா? ஒட்டாது! இரும்பைப் போல அலுமினியம் காந்தமாக மாறுவதில்லை. அது மட்டுமல்ல... சி.டி.யைப் படிப்பது ஒளி. காந்தம் அல்ல. இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து?

கடிகாரத்தின் கதை இன்னும் வேடிக்கை. அது கடையில் கிடைக்கும் சாதாரணக் கடிகாரம்தான். அதற்கு ஏதோ ரகசியப் பக்குவம் செய்திருப்பதாகவும், மின்சாரத்தில் ஓடும் எலக்ட்ரான்களை அது ஒழுங்குபடுத்துவதாகவும் சொன்னார்கள். அமெரிக்க வீடுகளுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று மாறுமின்சாரம். அதாவது, எலக்ட்ரான்கள் ஒரு விநாடியில் 120 முறை திசை மாறுகின்றன. வரிசையில் நிற்காமல், நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும் எலக்ட்ரான்களைக் கடிகாரம் எப்படி ஒழுங்குபடுத்தும்? இதற்கு அளந்து காட்டக்கூடிய விளக்கம் எதுவும் தரப்படவில்லை.

கவனித்தீர்களா? 'எலக்ட்ரான்', 'காந்தம்', 'லேசர்' எல்லாமே நம் பாடப்புத்தகத்தில் வரும் வார்த்தைகள்தான். வார்த்தை விஞ்ஞானத்தில் இருப்பதால், சொல்லும் விஷயமும் விஞ்ஞானம் ஆகிவிடாது. ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டியவர் எல்லாரும் டாக்டரா என்ன?

அப்படியானால் எல்லாரும் பொய் சொல்கிறார்களா?

'பாட்டு நன்றாகக் கேட்கிறது' என்று வாங்கியவர்கள் சொல்கிறார்களே... அவர்கள் பொய்யர்களா? இல்லை, குழந்தைகளே. பெரும்பாலோர் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கு அப்படித்தான் கேட்கிறது!

காது மட்டும் தனியாகக் கேட்பதில்லை. காதுக்குள் போவதை மூளைதான் பாட்டாக உணர்கிறது. அந்த மூளைக்குக் கண்ணும் செய்தி சொல்கிறது. 'இது 485 டாலர் பொருள்' என்று பணப்பையும் செய்தி சொல்கிறது. 'இவ்வளவு கொடுத்து வாங்கினோமே, நன்றாகத்தான் இருக்க வேண்டும்' என்ற ஆசையும் சேர்ந்து கொள்கிறது. புதுப் பொருளை மாட்டியதும், அன்றைக்கு நாம் கூடுதல் கவனத்தோடு பாட்டு கேட்கிறோம். முன்பு கவனிக்காத வயலின் ஓசை இப்போது காதில் விழுகிறது. வயலின் முன்பும் இருந்தது. நம் கவனம்தான் புதிது.

ஆகவே, 'எனக்கு அப்படிக் கேட்டதே!' என்பது உண்மையாக இருக்கலாம். 'அந்தப் பொருளால்தான் கேட்டது' என்பது வேறு விஷயம். அதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

மரக்கோல் சொன்ன உண்மை

இந்தச் சோதனையை 220 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு டாக்டர் செய்து காட்டிவிட்டார். அது பாட்டைப் பற்றிய சோதனை அல்ல, வலியைப் பற்றியது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் எலிஷா பெர்க்கின்ஸ் என்ற மருத்துவர் இருந்தார். சுமார் மூன்று அங்குல நீளமுள்ள இரண்டு உலோகக் கோல்களுக்கு அவர் 1796-ல் காப்புரிமை பெற்றார். பெயர் 'டிராக்டர்'. வயலில் உழும் டிராக்டர் இல்லை! 'இழுப்பது' என்ற பொருளில் வைத்த பெயர். வலிக்கும் இடத்தில் கோல்களைத் தேய்த்தால், உடம்பில் உள்ள கெட்ட மின்சாரத்தை அவை இழுத்துவிடும் என்றார். லண்டனில் ஒரு ஜோடி ஐந்து கினி விலைக்கு விற்றது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. வலி குறைந்தது என்று பலரும் சாட்சி சொன்னார்கள்.

இங்கிலாந்தின் பாத் நகரில் ஜான் ஹேகார்த் என்ற டாக்டர் இதைச் சோதிக்க எண்ணினார். 1799-ல் அவர் மரத்தால் கோல்கள் செய்து, உலோகக் கோல்களைப் போலவே வண்ணம் பூசினார். ஐந்து நோயாளிகளுக்கு அந்த மரக்கோல்களால் சிகிச்சை நடந்தது. அவை மரம் என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஐந்து பேரில் நான்கு பேர் வலி குறைந்தது என்றார்கள்! மறுநாள் அசல் உலோகக் கோல்களால் தேய்த்தார்கள். அதே போன்ற பலன்தான் கிடைத்தது.

மரத்தில் மின்சாரத்தை இழுக்கும் சக்தி ஏது? ஆகவே, வேலை செய்தது கோல் அல்ல, நம்பிக்கைதான் என்று புரிந்தது. அந்த நோயாளிகளை ஹேகார்த் கேலி செய்யவில்லை. மனதின் எண்ணம் உடம்பின் உணர்வை எவ்வளவு மாற்றுகிறது என்று 1800-ல் ஒரு நூலே எழுதினார். இன்று புது மருந்துகளைச் சோதிக்கும்போதும் ஒரு பிரிவினருக்கு அசல் மருந்து, இன்னொரு பிரிவினருக்கு மருந்தே இல்லாத மாத்திரை என்று கொடுத்துப் பார்க்கும் முறை உண்டு. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது.

கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது!

இன்னொரு விஷயமும் உண்டு. ஜெர்மனியின் பெர்லின் நகரில் 'ஹான்ஸ்' என்று ஒரு குதிரை இருந்தது. 'மூன்றும் நான்கும் எத்தனை?' என்று கேட்டால், குளம்பால் ஏழு முறை தட்டும்! 1904-ல் ஊரே அதைப் பார்த்து வியந்தது. ஆஸ்கர் பிங்ஸ்ட் என்ற ஆய்வாளர் அதைப் பொறுமையாகச் சோதித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால், குதிரையாலும் விடை சொல்ல முடியவில்லை! சரியான எண்ணிக்கை வந்ததும், கேட்பவரின் தலையும் முகமும் தம்மை அறியாமல் லேசாக அசைந்தன. அதைக் கவனித்துக் குதிரை தட்டுவதை நிறுத்தியது. குதிரைக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை. தாம் சைகை காட்டுவது அவருக்கே தெரியாது!

குதிரையே முகத்தைப் படிக்கிறது என்றால், மனிதர்கள் படிக்க மாட்டார்களா? அதனால்தான், சோதனைப் பொருளைக் கையில் கொடுப்பவருக்கும் எது எது என்று தெரியக் கூடாது.

உங்கள் பொதுத்தேர்வை நினைத்துப் பாருங்கள். விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியருக்கு அது யாருடைய தாள் என்று தெரியாது. பெயரை மறைத்து விடுகிறார்கள். ஆசிரியர்கள் நேர்மை இல்லாதவர்கள் என்பதாலா? இல்லை. நேர்மையானவருக்கும் பெயரைப் பார்த்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடலாம். பெயரை மறைத்தால், எழுத்து மட்டும் பேசும். ஒலிச் சோதனையிலும் அப்படியே. கண்ணை மறைத்தால், காது மட்டும் பேசும்.

மூன்று லட்ச ரூபாய் ஒயர்

2007-ல் ஒரு சுவையான சவால் எழுந்தது. ஆம்ப்ளிபையரையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் ஒயர் ஒன்று அமெரிக்காவில் விற்பனையில் இருந்தது. 12 அடி நீள ஜோடியின் விலை 7,250 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ மூன்று லட்ச ரூபாய்!

அமெரிக்காவில் வாழ்ந்த மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி இதைக் கவனித்தார். மனிதரை ஏமாற்றும் வித்தைகள் அவருக்கு அத்துப்படி. அதனால் போலி அற்புதங்களை வெளிப்படுத்துவதையே தம் பணியாகக் கொண்டவர். அற்புத சக்தியைச் சோதனையில் நிரூபித்தால் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அவருடைய அமைப்பு அறிவித்திருந்தது. 'எது எந்த ஒயர் என்று பார்க்காமல், காதால் மட்டும் கேட்டு, இந்த ஒயரையும் சாதாரண நல்ல ஒயரையும் பிரித்துச் சொல்லுங்கள். அந்தப் பரிசு உங்களுக்கு' என்று ராண்டி சவால் விட்டார். பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் சோதனை நடக்கவே இல்லை.

நடக்காத பரீட்சையில் பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. அதனால் இதை மட்டும் வைத்து நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் ஒன்று கேட்கலாம். 7,250 டாலருக்குத் தெரியும் வேறுபாடு, கண்ணை மூடினால் தெரியாமலா போகும்? பொருளைப் பற்றிப் பெருமை சொல்பவர்தான் அதை நிரூபித்துக் காட்ட வேண்டும். ராண்டி 2020-ல் காலமானார். அந்தப் பரிசுத் திட்டம் 2015-ல் முடியும் வரை, ஒருவர்கூட அதை வெல்லவில்லை.

எல்லாமே ஏமாற்று வேலையா?

அவசரப்படாதீர்கள்! எதையும் சோதிக்காமல் நம்புவது தவறு. சோதிக்காமல் 'எல்லாம் பொய்' என்பதும் அதே அளவு தவறுதான்.

1983-ல் அமெரிக்க ஒலிக்கருவி இதழ் ஒன்று ஸ்பீக்கர் ஒயர்களைச் சோதித்தது. எந்த ஒயர் என்று கேட்பவர்களுக்குச் சொல்லவில்லை. விலை உயர்ந்த தடித்த ஒயரும், விளக்குக்குப் போடும் சாதாரண ஒயரும் சத்தத்தைச் சமமாக்கிய பிறகு பிரித்தறிய முடியாதவையாக இருந்தன. ஆனால், மிக மெல்லிய ஒயரைச் சில சோதனை ஒலிகளில் கண்டுபிடித்துவிட்டார்கள். காரணம் என்ன? ஒயர் மெலிந்தால் மின்தடை கூடும். நீளம் கூடினாலும் மின்தடை கூடும். மின்தடை கூடினால் சத்தம் சற்றுக் குறையும். இது பள்ளிப் பாடத்தில் உள்ள உண்மை!

பாருங்கள், இந்தச் சோதனை யார் பக்கமும் சாயவில்லை. இல்லாத வேறுபாட்டை இல்லை என்றது. இருந்த வேறுபாட்டை இருக்கிறது என்றது.

ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் ஒலி நிச்சயம் மாறும். அறையும் ஒலியை மாற்றும். காலியான அறையில் பேசினால் எதிரொலிக்கிறது. திரைச்சீலையும் மெத்தையும் வந்ததும் எதிரொலி அடங்கிவிடுகிறது. துணி ஒலியை உறிஞ்சுவதே இதற்குக் காரணம். இதை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கையைத் தட்டினாலே தெரியும்.

நீங்களே செய்து பாருங்கள்

இந்தச் சோதனையை வீட்டில் செய்யலாம். ஒரே வகையில் இரண்டு கம்பெனி பிஸ்கட்டுகள் வாங்கிக் கொள்ளுங்கள். ஒரு நாணயம், ஒரு பேப்பர், மூன்று பேர் தேவை.

* முதல் ஆள், நீங்கள் பார்க்காதபடி நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் முதல் கம்பெனி. பூ விழுந்தால் இரண்டாவது. அந்தப் பிஸ்கட்டில் ஒரு துண்டை ஒடித்துக் கிண்ணத்தில் போட்டு, எது என்று எழுதி மறைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும்.

* இரண்டாவது ஆளுக்கு எது என்று தெரியாது. அவர் வந்து கிண்ணத்தை உங்களிடம் கொடுப்பார்.

* நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு சுவைத்து, எது என்று சொல்ல வேண்டும். அதையும் எழுதிக் கொள்ளுங்கள். ஒவ்வொரு முறைக்கும் பிறகு வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள்.

* இப்படி 10 முறை. அதன் பிறகே விடைகளை ஒப்பிட வேண்டும்.

சும்மா குருட்டாம்போக்கில் சொன்னாலே ஏறக்குறைய 5 சரியாக வரும். 6 சரியாக வந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள்! பத்தும் சரி என்றால்? 2-ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள்: 1,024. குருட்டு அதிர்ஷ்டத்தால் பத்தும் சரியாக வருவது 1,024-ல் ஒரு முறைதான். எட்டு அல்லது அதற்கு மேல் வருவது 1,024-ல் 56 முறை. அதாவது 18-க்கு ஒன்று. எட்டு வந்தால் இன்னொரு நாள் மறுபடி செய்து பாருங்கள். உண்மையான வேறுபாடு என்றால் மறுபடியும் தெரியும்.

இதே முறையில் இரண்டு இயர்போன்களையும் சோதிக்கலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு, கையால் தடவாமல் கேட்க வேண்டும். இரண்டிலும் சத்தம் சமமாக இருப்பது மிக முக்கியம். சற்றுக் கூடுதல் சத்தத்தில் கேட்பதுதான் 'நல்லது' என்று நம் மூளை நினைத்துவிடும். கடையில் இதையும் கவனியுங்கள்!

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

யாராவது விஞ்ஞானத்தின் பெயரால் ஒரு பொருளை விற்க வந்தால், இவற்றைக் கேளுங்கள்.

1. இது எதை மாற்றுகிறது? அந்த மாற்றத்தை அளந்து காட்ட முடியுமா?

2. பெயரையும் விலையையும் மறைத்துச் சோதித்தார்களா?

3. எத்தனை முறை சோதித்தார்கள்? எத்தனை முறை சரியாக வந்தது?

4. பொருளை விற்பவரைத் தவிர, வேறு யாராவது சோதித்தார்களா?

மரக் குமிழுக்கு 485 டாலர் கொடுப்பவருக்குப் பணம் மட்டும்தான் நஷ்டம். ஆனால், இதே பேச்சோடு 'நோயைத் தீர்க்கும்' வளையலும், 'மூளையை வளர்க்கும்' டானிக்கும் விற்க வருகிறார்கள். அதை நம்பி, டாக்டரிடம் போக வேண்டிய நேரத்தில் போகாமல் இருந்தால்? நஷ்டம் உயிராகவும் இருக்கலாம். அதனால்தான் இந்தப் பழக்கத்தைச் சின்ன வயதிலேயே, பிஸ்கட்டில் இருந்தே தொடங்கச் சொல்கிறேன்.

பெரியவர்களிடம் கேட்கும்போது பணிவாகக் கேளுங்கள். 'நீங்கள் சொல்வது பொய்' என்று சொல்ல வேண்டாம். 'வாங்க, சேர்ந்து சோதித்துப் பார்க்கலாம்' என்று சொல்லுங்கள். வரும் விடுமுறை நாளில் பிஸ்கட் சோதனையைச் செய்து, கணக்கை நோட்டில் எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். எத்தனை சரியாக வந்தது என்பதைவிட, வந்ததை வந்தபடியே எழுதுவதுதான் முக்கியம். செய்வீர்கள்தானே?